சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த படங்கள்

1

எங்களுடைய முப்பத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் சௌமியா ஒரு புரொஜெக்டர் வாங்கி வந்தாள். அவளுக்கு டொராண்டோவில் வேலை, நாங்கள் இருப்பது வின்னிபெக்கில். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். வந்தால் நான்கு நாள் இருப்பாள், அதில் மூன்று நாள் போனில் இருப்பாள். இந்த முறை என்னவோ உற்சாகமாக, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கல்யாணமானதும் பாத்த முதல் படம் எதும்மா? அதையே போடறேன்" என்றாள்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. தை மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இந்த ஊருக்கு வந்தால் ஒவ்வொரு திருமண நாளும் இப்படித்தான். நான் பச்சைப்பயறு பாயசம் வைத்தேன். அவர் மெத்தையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாகச் சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் கவின்கூட அன்று எங்களோடு உட்கார்ந்தான். கவின் எங்கள் இளையவன். இருபது வயது, இங்கேயே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழ்ப் படம் பார்க்கும் மகனைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சேலத்தில் நூறு நாள் ஓடிய படம் அது. கல்லூரி வாசலில் கதாநாயகன் கதாநாயகியின் சைக்கிளை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொள்கிறான். சிரித்தால்தான் தருவானாம். அவள் முறைக்கிறாள், அவனுடைய நண்பர்கள் நான்கு பேர் சுற்றி நின்று தாளம் போடுகிறார்கள். அங்கே சௌமியா எழுந்துவிட்டாள்.

"எப்படிம்மா இதைப் பாத்தீங்க? இவ நேரா போலீஸுக்கில்ல போயிருக்கணும்?"

என் கணவர் சிரித்தார். "அப்பிடி உங்கம்மா போயிருந்தா நீ பொறந்திருக்கவே மாட்டே கண்ணு."

"அப்பா, அந்த பஸ் ஸ்டோரி சொல்லுங்க" என்றான் கவின்.

2

பஸ் கதை எங்கள் வீட்டின் திருமண நாள் வழக்கம். கேக் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அது உண்டு.

எனக்குப் பரமத்தி வேலூர். காவிரிக்கரையை ஒட்டி எங்கப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. நாமக்கல்லுக்கு பஸ் ஏறிப் போய் பி.எஸ்சி. படித்த முதல் பெண் எங்கள் குடும்பத்தில் நான்தான். அவர் சங்ககிரிக்காரர். எங்கள் ஊரில் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு, நாமக்கல்லில் அந்த மாமாவின் லாரி புக்கிங் ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் காலை எட்டு பத்து பஸ்.

அந்தக் காலத்துத் தனியார் பஸ்களைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எந்த பஸ்ஸில் புதுப்பாட்டு ஓடுகிறதோ அந்த பஸ்ஸுக்குத்தான் கூட்டம். டிரைவர் தலைக்கு மேலே டேப் ரெக்கார்டர், வண்டி நெடுக ஸ்பீக்கர். ஊருக்கு ஊர் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். அவர் அப்படி ஒரு கேசட் பதிந்து கண்டக்டரிடம் கொடுத்து வைத்திருந்தார். நான் படியில் கால் வைக்க வேண்டியது, கண்டக்டர் பொத்தானை அமுக்க வேண்டியது, பாட்டு கிளம்ப வேண்டியது. இது ஒன்றரை வருடம் நடந்தது.

"ஒரு வார்த்தை பேசினதில்லீங்க நானு" என்று யாரிடம் சொன்னாலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்வார். "ஒன்றரை வருசம் பொறுமையா இருந்தேன். ஒரு நாள் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. அவ்வளவுதான், ஆபீசுக்குப் போகாம நேரா ஊட்டுக்குப் போயி மாமன்கிட்டச் சொல்லிப்போட்டேன். பத்தே நாள்ல பெரியவீங்க தட்டெடுத்துக்கிட்டுப் பொண்ணு கேக்கப் போயிட்டாங்க."

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இந்த இடத்தில் கை தட்டுவார்கள். நான் அடுப்படியிலிருந்து, "போதும், கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு" என்பேன். அதுவும் கதையில் ஒரு பகுதியாகிவிட்டது. அன்றும் சொன்னேன். சௌமியா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு அவளுக்கு யாரோ போன் செய்தார்கள்.

கவின் ஒன்று கேட்டான். "அந்த ஒன்றரை வருஷத்துல உங்களுக்கு கிவ் அப் பண்ணலாம்னு தோணலையாப்பா?"

"அதெப்படி சாமி தோணும்? மனசுல ஒண்ணு நெனச்சுட்டா விடக்கூடாது."

அவன் தலையாட்டிக்கொண்டான். பாடத்தைப் பற்றி ஏதோ சந்தேகம் தீர்ந்தவன்போல எழுந்து போனான்.

3

சௌமியா டொராண்டோ திரும்பிய மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய உறை ஒன்று வந்தது. இருபத்திரண்டு வருடம் ஆகியும் இந்த நாட்டில் அப்படி உறை வந்தால் எனக்குப் பயம்தான். குடியுரிமைத் தாள் வந்தபோதும் பயந்துதான் பிரித்தேன். இது கவினுடைய பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அவனுக்கு மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறார்கள். அவன் சொல்லவில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒவ்வாமைப் பட்டியல், உப்புக் குறைத்த உணவு, கஞ்சிப் பதம், இதற்கெல்லாம் வேண்டிய ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும். இந்தக் கடிதத்தின் ஆங்கிலம் வேறாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், ஆனால் வரி முழுதாகப் படித்தால் அது என் மகனைப் பற்றியது என்று நம்ப முடியவில்லை. நான்கு தரம் படித்தேன்.

ஒரு மாணவி புகார் கொடுத்திருக்கிறாள். கவின் தன் வீட்டுப் பக்கம் போகாத பஸ்ஸில் இரண்டு மாதமாக அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறான். அவள் போனுக்குப் பாட்டுகள் அனுப்பியிருக்கிறான். அவள் தடை செய்ததும் வேறு பெயரில் அனுப்பியிருக்கிறான். அவள் பஸ்ஸை மாற்றினாள், இவனும் மாற்றினான். ஒரு காலை அவள் வீட்டுத் தெருமுனை நிறுத்தத்தில் கையில் இரண்டு காப்பியோடு நின்றிருக்கிறான். விசாரணை முடியும்வரை அவன் அந்தப் பெண்ணோடு நேராகவோ பிறர் வழியாகவோ எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது. மீறினால் படிப்பிலிருந்து நீக்கம், போலீஸுக்கும் தகவல் போகும்.

மாலை வந்தவனிடம் உறையைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"நான் தொடவே இல்லம்மா. தப்பா ஒரு வேர்ட் சொல்லல. வெறும் பாட்டு."

"வேண்டாம்னு சொன்னாளா?"

"சொல்லல. ரிப்ளை பண்ணல, அவ்வளவுதான்."

"பஸ்ஸ மாத்தினாளே?"

"ஷை டைப்மா அவ." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நாள் திரும்பிப் பாத்துச் சிரிச்சாம்மா. ஐ ஸ்வேர், சிரிச்சா."

என் பிள்ளையின் கைக்குள் இருந்த கையை உருவிக்கொண்டேன். சமைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

4

என் கணவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த நாட்களில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் ஊரில் சிரிப்பீர்கள். தினம் மத்தியானம் ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து, எண்பதுகளில் வந்த படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். என் கணவர் லாரி ஓட்டித்தான் இந்த நாட்டுக்கு வந்தார். முழங்கால் கெட்டபின் ஒரு கிடங்கில் இரவு வேலை, பகலில் தூங்குவார். அவர் தூக்கம் கெடக்கூடாதென்று சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

அந்தப் படங்கள் எனக்கு உயிராக இருந்தவை. அதை மறைப்பதற்கில்லை. நாமக்கல் தியேட்டரில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை போட்டிருக்கிறேன். கதாநாயகியின் ரவிக்கைக் கையை அளவெடுத்து வந்து தைத்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் வெங்காயம் அரியும்போது வாய் அந்தப் பாட்டுகளைத்தான் முணுமுணுக்கிறது.

எது இன்றைக்கும் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்த்தேன். கள்ளுக்கடை நகைச்சுவை நிற்கிறது. ஓட்டு வீட்டு முற்றத்தில் விழும் மழை நிற்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்போரம் நின்றுகொண்டே சாப்பிடும் அம்மாக்காரி, ஒரு நொடிதான் வருகிறாள், அப்படியே நிற்கிறாள். சண்டைக் காட்சிகள் இப்போது பார்த்தால் கபடி பழகுவதுபோல இருக்கின்றன, அதனால் ஒன்றும் குறையில்லை. ஒரு கிராமத்துப் படத்தில், பெண்ணைக் கெடுத்தவனே தாலி கட்டட்டும் என்று பஞ்சாயத்துத் தீர்ப்புச் சொல்கிறது. அந்தக் காட்சிக்குத் தியேட்டரே கை தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. நானும் தட்டினேன். திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணை மெக்கானிக் கன்னத்தில் அறைகிறான், அடுத்த காட்சியில் அவள் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, நல்ல படம் என்று எங்கள் பெரியப்பா சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

இன்னொரு படம் இருந்தது. டெலிபோன் ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண், தன்னைச் சுற்றி வந்த இரண்டு ஆண்களையும் கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போகிறாள். எங்கள் வேலூரில் அது மூன்று நாள்தான் ஓடியது. என்ன திமிர் இவளுக்கு என்று நானும் என் சிநேகிதியும் பேசிக்கொண்டு வந்தோம். இப்போது பார்த்தபோது அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போலிருந்தது.

இவையெல்லாம் வெளிப்படையானவை, ஒரு மாதிரி எதிர்பார்த்துத்தான் இருந்தேன். என்னைப் பயமுறுத்தியது யாரும் குறை சொல்லாத ஒரு படம். அறை கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்ன மென்மையான காதல் கதை. பஸ் நிறுத்தத்தில் அவன் தினம் நிற்பான், அவள் தினம் வருவாள். ஊரே முணுமுணுத்த பாட்டு அதில் இருக்கிறது.

அந்தப் பாட்டு இல்லாமல் பார்த்தேன்.

ஒரு ஆள் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நடக்கிறான். அவள் வேகமாக நடந்தால் அவனும் வேகமாக நடக்கிறான். புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு மரத்தடியில் அவன் குறுக்கே வந்து நிற்க, அவள் குனிந்துகொள்கிறாள். நாங்கள் அதை வெட்கம் என்று நினைத்தோம். படத்தை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு தெரிந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், கல்லூரிக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்த முகம்.

அந்த பஸ் கதையை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு பத்து பஸ்ஸை விட்டுவிட்டு ஏழு இருபதுக்குப் போனேன், ஒரே வாரத்தில் அந்த பஸ்ஸிலும் பாட்டு வந்துவிட்டது. ஒரு நிறுத்தம் முன்னால் நடந்து போய் ஏறினேன், அங்கேயும் வந்தது. படியில் கால் வைத்ததும் நாற்பது தலை திரும்பும். "பாட்டுக்காரப் புள்ள ஏறிருச்சு, போலாம் ரைட்" என்பான் கண்டக்டர். காலையில் எதையும் தின்ன மாட்டேன், தின்றால் வாந்தி வரும். யாராவது அப்பாவிடம் சொன்னால் படிப்புப் போய்விடுமே என்று நடுங்குவேன். ஒரு நாள் கண்டக்டர் ஏதோ கேலி பேச, பஸ்ஸே என்னைப் பார்க்க, முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துத் தொலைத்தேன். பத்தாம் நாள் தட்டு வந்தது. தெரிந்த குடும்பம், நம் சனம், நல்ல பையன். மூன்றாம் வருடப் பரீட்சை எழுத வேண்டியதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அழவில்லை. இனி அந்த பஸ்ஸில் ஏற வேண்டாம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அந்த நிம்மதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானே அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர் நல்ல மனிதர். இந்த நாட்டில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நாற்பது நாள் என்னை ஒரு தம்ளர் தூக்க விடவில்லை. அதையும் எழுத வேண்டும். அதனால்தான் மற்றதைச் சொல்ல முடியாமல் முப்பத்தைந்து வருடம் போய்விட்டது.

படத்தை மறுபடி ஓடவிட்டேன். மரத்தடியில் நிற்கிறவன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, உரிமையோடு சிரித்தான். கவின் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளென்று சொன்னபோது தலை அப்படித்தான் சாய்ந்திருந்தது. நான் கணினியை மூடிவிட்டுப் போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். யாருக்குப் பயந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

5

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடைக்குப் போய்விட்டு வந்தார். இரண்டு தேங்காய், ஆப்பிள், வாழைப்பழம், கல்கண்டு, மல்லிகைச் சரம் இல்லாததால் ஒரு கொத்து வெள்ளைப் பூ. குஜராத்திக் கடையில் நான்கு வெற்றிலை ஐந்து டாலர் என்று புலம்பிக்கொண்டே மேஜைமேல் பரப்பினார்.

"அம்மிணி, அந்தப் பெரிய எவர்சில்வர் தட்டை எடு."

"எதுக்குங்க?"

"அந்தப் புள்ளையோட அப்பன் யாருன்னு விசாரிச்சுட்டேன். ஈரோட்டுக்காரங்க. நம்ம பக்கந்தான், நம்ம சனந்தான். நாம ரெண்டு பேரும் தட்டோட போயி, பையன் ஆசைப்பட்டுட்டான், முறையாக் கேக்க வந்திருக்கறம்னு சொல்லிப்போட்டா விசயம் முடிஞ்சுது. படிச்சு முடிக்கட்டும், அப்பறம் வெச்சுக்கலாம். பெரியவீங்க பேசிட்டா அந்தப் புள்ள புகாரை வாபஸ் வாங்கிக்கும்."

அந்தக் கடிதத்தை எடுத்து வந்து காட்டினேன். பிறர் வழியாகவும் தொடர்பு கூடாது என்ற வரியைப் படித்துச் சொன்னேன்.

"பிறருன்னா அவன் கூட்டாளிமாரு. பெத்தவீங்க பிறராகுமா?" என்றார். முழு நம்பிக்கையோடுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் பெயரும் பெண் பெயரும் சேர்ந்து அடிபட்டால் அதை மூட ஒரே வழி தட்டுதான். அவருக்கு அது மரியாதை. எங்கள் கல்யாணமே அப்படி முடிந்ததுதானே.

வண்டி சூடாகட்டும் என்று ஸ்டார்ட் செய்துவிட்டு வந்திருந்தார். சன்னலுக்கு வெளியே அதன் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. அங்கே, அந்த வீட்டில், இந்தத் தட்டோடு நாங்கள் நிற்பதைச் சன்னல் வழியாக அந்தப் பெண் பார்ப்பாள்.

"போவேண்டாங்க."

"நீ வராட்டிப் பரவால்ல, நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"அந்தப் புள்ள பயந்து கெடக்குதுங்க. தட்டப் பாத்தா செத்தே போயிரும்."

"எதுக்குப் பயம்? நாம என்ன புலியா? நீ பயந்தியா?"

அவர் தேங்காயின் நாரைப் பிய்த்துக்கொண்டே கேட்டார், சிரித்துக்கொண்டு கேட்டார்.

"பயந்தேங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். "ஒன்றரை வருசமும் பயந்தேங்க. தெனம் காலையில வாந்தி எடுத்தேன். உங்களுக்குப் பயந்துதான் பஸ்ஸ மாத்தினேன். பயத்துலதான் சிரிச்சேன். தட்டு வந்தன்னிக்கு எங்கப்பா என்னைக் கேக்கல. நீங்களும் கேக்கல."

அவர் கை நின்றுவிட்டது. "வெளையாடாத" என்றார்.

"வெளையாடல."

"முப்பத்தஞ்சு வருசம் என்கூட இருந்துட்டு இன்னிக்குச் சொல்றியா?" குரல் உயர்ந்தது. "அப்ப நான் என்ன, பொறுக்கியா? நம்ம குடும்பம் பூராப் பொய்யா?"

அவர் கையை ஓங்கியதில்லை, அன்றும் ஓங்கவில்லை. ஆனாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "பொய்யில்லீங்க. அப்பறம் எல்லாஞ் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அது வேற, இது வேற. அவன் நம்ம கதையக் கேட்டுத்தான் அங்க போயி நின்னிருக்கான். இப்ப நீங்களும் போயி நின்னா போலீஸ் வரும். என் பையன் போயிருவான்."

அவர் வெளியே போய் வண்டியை அணைத்துவிட்டு வந்தார். சட்டையை மாற்றவில்லை, அப்படியே போய்ப் படுத்துக்கொண்டார். விசாரணைக்கு மாணவனோடு ஒருவர்தான் வரலாம். அதற்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் அவர் பெயர் இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தார்.

6

படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது. வேண்டாம் என்று குறித்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் இங்கே வேலை செய்தவளுக்கு மொழிபெயர்ப்பாளரா என்ற ரோஷம்.

சின்ன அறை. மேஜைமேல் தண்ணீர், காகிதக் கைக்குட்டைப் பெட்டி. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மா எங்களை உட்காரச் சொன்னார். கவினைப் பேசச் சொன்னார். அவன் எழுதி வைத்திருந்ததை வாசித்தான். அவளுக்குத் தீங்கு எதுவும் நினைக்கவில்லை, அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியாது, தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பான், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதற்கு வருந்துகிறான். நல்ல ஆங்கிலம். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

நான் நான்கு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. தமிழ்தான் வந்தது. வேறொரு நாள் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். கவின் என்னைப் பார்த்தான். தானே மொழிபெயர்த்துச் சொல்வதாகச் சொன்னான். அந்த அம்மா யோசித்துவிட்டு, உன் அம்மா சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்ல வேண்டும் என்றார்.

"நான் காலேஜ் படிக்கறப்ப ஒருத்தர் தெனம் எனக்காக பஸ்ஸுல பாட்டுப் போட வெச்சாரு" என்றேன்.

கவின் ஆங்கிலத்தில் சொன்னான்.

"அவரு என்னைத் தொட்டதில்ல. தப்பா ஒரு வார்த்த பேசினதில்ல."

இதை அவன் வேகமாகச் சொன்னான். நான் தனக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

"எனக்குப் பயமா இருந்துச்சு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லு சாமி."

எனக்குப் பயமாக இருந்தது என்று அவன் அந்த அம்மாவிடம் சொன்னான்.

"பஸ்ஸ மாத்தினேன். அதுலயும் வந்தாரு. ஒரு நாள் சிரிச்சேன். பயத்துல சிரிச்சேன்."

அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரமாயிற்று. நடுவில் தண்ணீர் குடித்தான். அந்த அம்மா அவனை அவசரப்படுத்தவில்லை.

"அவரத்தான் கட்டிக்கிட்டேன். என் படிப்பு போச்சு. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தது அத்தனையும் நெசமாத்தான் இருக்கும். இப்ப எனக்கு என் மகனக் கண்டாப் பயமா இருக்குது."

கவின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னொரு தரம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். கடைசியில் அவன் அதையும் சொன்னான். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அவ்வளவுதானா என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

முதலில் தான் வாசித்ததை அடித்துவிட முடியுமா என்று கவின் கேட்டான். அந்த அம்மா பேனாவைக் கையில் எடுத்தார்.

"அவள் பயந்திருந்தாள்" என்றான். "நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் மறுநாள் போனேன்."